வேலியோரம் நின்ற வேன்

கிரேக்கத்தை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. அது எங்கள் தலையில் வந்து விழுந்தது. சுற்று வட்டாரப் பள்ளிகள் ஆளுக்கொரு பழைய நாகரிகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், அதை விளையாட்டு, உணவு, இலக்கியம் என்ற மூன்று வழியிலும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும், முடிவில் ஒருநாள் விழா வைத்துக் காட்ட வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. சீட்டுக் குலுக்கியபோது பக்கத்துப் பள்ளிக்கு எகிப்து போனது. அவர்களுக்கு அட்டைப்பெட்டியில் பிரமிடு ஒட்டினால் வேலை முடிந்தது. எங்கள் தலைமையாசிரியர் கைக்குக் கிரேக்கம் வந்தது. அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு, "நீங்கதான் நிறையப் படிப்பீங்களே டீச்சர்" என்றார். ஆசிரியை ஒருத்தி புத்தகம் படிக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் போதும், அதற்கான தண்டனை தேடி வந்துவிடும்.

எங்கள் பள்ளி கிள்ளானை அடுத்த மேருவில், தொழிற்சாலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படித்த தோட்டத்துப் பள்ளி. தோட்டம் போய்விட்டது, பள்ளி மட்டும் இடம் தெரியாமல் நின்றுவிட்டது. ஜன்னலைத் திறந்தால் லோரிச் சத்தம், மூடினால் புழுக்கம். திடலின் ஒரு பக்கம் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் சாலை. மழை பெய்த மறுநாள் திடலில் பாதி சேறாக இருக்கும், மீதிப் பாதியில்தான் ஓட முடியும். இங்கேதான் நான் கிரேக்கத்தைக் கொண்டுவந்து இறக்க வேண்டும்.

விளையாட்டுப் பகுதியை உடற்கல்வி ஆசிரியர் எடுத்துக்கொண்டார். என்னைவிட இளையவர், எதற்கும் பதறாத மனிதர். தட்டு எறிதலுக்கு பிளாஸ்டிக் மூடிகளைச் சேர்த்தார், ஈட்டிக்குத் துடைப்பக் கட்டையை எடுத்தார். "அவங்க துணியே இல்லாமதான் ஓடுனாங்களாம் டீச்சர். அத மட்டும் பிள்ளைங்ககிட்டச் சொல்லிடாதீங்க. பெற்றோர் சங்கத்துக்கு என்னால பதில் சொல்ல முடியாது லா" என்று என்னைத் தனியாக அழைத்து எச்சரித்தார். ஜெயித்தவன் தலையில் ஒலிவ இலை வளையம் வைப்பார்களாம். கிள்ளானில் ஒலிவ மரத்துக்கு எங்கே போவது? பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தில் ஒடித்து வளையம் கட்டினோம். ஒரு பையன் தலையில் வைத்துப் பார்த்தபோது கிரேக்க வீரனைப் போலத் தெரியவில்லை. அம்மை போட்டு எழுந்தவனைப் போல இருந்தான். எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.

ஐந்தாம் ஆண்டில், என் வகுப்பில், ஒரு பெண் இருந்தாள். ஒல்லிப் பிள்ளை, பேச்சு குறைவு, கணக்கில் சுமார். ஓட்டத்தில் மட்டும் அவளைத் தொட ஆள் கிடையாது. பெண்பிள்ளைகளோடு ஓடவிட்டால் போட்டியே இருக்காது என்று உடற்கல்வி ஆசிரியர் அவளைப் பையன்களோடு ஓடவிடுவார். அதிலும் முதலில் வந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். பழைய கிரேக்கத்தில் பெண்கள் ஓடுவது இருக்கட்டும், கல்யாணமான பெண்களை அந்தப் பெரிய போட்டியைப் பார்க்கக்கூட விடமாட்டார்கள் என்று நான் வகுப்பில் சொன்ன அன்று அவள் கையைத் தூக்கினாள்.

"அப்பாங்க பாக்கலாமா டீச்சர்?"

"அப்பாங்க பாக்கலாம்."

"அப்ப சரி" என்று உட்கார்ந்துகொண்டாள்.

அவளுடைய அப்பா லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து, கவனிக்காமல் விட்டு, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்புறம் சிறுநீரகமும் போனது. ஒருநாள் விட்டு ஒருநாள் கிள்ளானுக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அவரைத் தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வருவது அவருடைய அண்ணன், பிள்ளைக்குப் பெரியப்பா. தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வெள்ளை வேன் ஓட்டுகிறவர். கிள்ளானிலிருந்து திரும்பும் நேரமும் பிள்ளைகள் திடலில் பயிற்சி செய்யும் நேரமும் ஒன்றாக இருக்கும். வேலியோரம் வேனை நிறுத்தி, தம்பி பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவார்.

இரத்தம் சுத்தம் செய்துவிட்டு வரும் நாளில் அந்த மனிதர் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி சீட்டில் கிடப்பார். ஆனால் மகள் கோட்டில் வந்து நின்றதும் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடிப்பார் பாருங்கள், சாலையில் போகிற மோட்டார் சைக்கிள்காரன் திரும்பிப் பார்ப்பான். அவ்வளவு மூச்சு அந்த உடம்பில் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மற்ற பிள்ளைகள் உடற்கல்வி ஆசிரியரின் விசிலுக்கு ஓடுவார்கள். அவள் அந்தச் சீழ்க்கைக்குத்தான் ஓடுவாள். முடித்ததும் நேராக வேலிக்குப் போய்க் கம்பிக்குள் விரலை விடுவாள், அவர் வேனிலிருந்து கையை ஆட்டுவார். விழாவில் வேலிக்கு வெளியே நிற்க வேண்டாம், அவரை உள்ளே கொண்டுவந்து முதல் வரிசையில் உட்கார வைப்பது என்று நானும் உடற்கல்வி ஆசிரியரும் பேசி வைத்திருந்தோம். அவளிடமும் சொல்லிவிட்டோம். அந்த வாரம் முழுக்க அவள் கணக்கைக்கூட ஒழுங்காகப் போட்டாள்.

உணவுப் பாடத்துக்கு நான் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு வரை போய்க் காய்ந்த அத்திப்பழம் வாங்கிவந்தேன். கிரேக்க ஓட்டக்காரர்கள் ஒரு காலத்தில் காய்ந்த அத்திப்பழமும் பாலாடைக்கட்டியும் தின்றுதான் உடம்பைத் தேற்றினார்கள் என்று சொல்கிறார்கள். கூடவே பார்லி, ஒலிவக் காய். பார்லி என்றதும் வகுப்பே ஏமாந்துபோனது. "நம்ம கடைல விக்கற பார்லி தண்ணியா டீச்சர்? அதக் குடிச்சிட்டா சண்ட போட்டாங்க?" ஒலிவக் காயைக் கடித்த ஒருத்தி, ஊறுகாய் கெட்டுப்போய்விட்டது என்று கையில் துப்பினாள்.

சிரிப்பு அடங்கியதும் நான் சீனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அது என் தீராத கோபம். காலையில் பசியாற இனிப்பு, வெயிலுக்கு இனிப்பு, களைப்புக்கு இனிப்பு, விருந்தாளிக்கு இனிப்பு என்று ஊற்றி ஊற்றியே நம் ஆட்கள் காலையும் கண்ணையும் இழக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்கு இனிப்பு நீர் இருக்கிறது என்று கேட்டேன். தூக்காத கை எது என்று தேட வேண்டியிருந்தது. அதற்குமேல் எனக்குப் பாடம் நடத்த மனசு வரவில்லை. அத்திப்பழத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

அவள் தன் பழத்தைத் தின்னவில்லை. மேசைக்கு வந்து, "எங்கப்பா இதச் சாப்பிடலாமா டீச்சர்? அப்பாவுக்கு வாழப்பழம் கூடாது, எளநி கூடாது, தண்ணியே கொஞ்சந்தான்" என்றாள். கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாத பழங்களில் அதுவும் இருந்தது. வேண்டாம்மா, நீ சாப்பிட்டுக்கோ என்றேன். "காட்டிட்டாவது சாப்பிடறேன்" என்று டிஸ்யூவில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இலக்கியம் கடைசியாக வந்தது. கிரேக்கர்களின் பழங்கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரு வீரன் செத்துப்போனால், சிதை எரிந்து அடங்கியதும் அவனை நேசித்தவர்கள் அழுத கண்ணோடு எழுந்து, அவனுக்காகப் பந்தயம் வைப்பார்கள். ஓட்டம், மல்யுத்தம், தேரோட்டம். செத்தவனுக்கு அதுதான் மரியாதை. என்னால் முடிந்த வரைக்கும் நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் வகுப்பு வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருவன், "சாவு வீட்டுல வெளையாட்டா டீச்சர்? அடி விழும்" என்றான். எல்லாரும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அவள் மட்டும், "யாரு ஓடுவாங்க டீச்சர்? வெளியாளா, வீட்டு ஆளா?" என்று கேட்டாள். யாருக்குச் செத்தவன் மேல் பாசம் அதிகமோ அவர்கள் ஓடுவார்கள் என்றேன்.

விழாவுக்குத் தேதி குறித்து, வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வர வேண்டிய அதிகாரியையும் அழைத்த பிறகு, ஒருநாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவளுடைய அப்பா கிள்ளானில், ஊசி குத்திய கையோடு நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார். இதயம் என்று சொன்னார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அத்திப்பழம்தான். தின்னக் கொடுத்திருப்பாளோ என்று பயந்தேன். அதை யாரிடம் கேட்பது? பிள்ளையிடம் கேட்க முடியுமா? கேட்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போனோம். மலிவு விலை வரிசை வீடு, தெரு முழுக்கக் கூடாரம். மகன் இல்லாத தம்பிக்குத் தானே கொள்ளி வைக்க வேண்டியிருக்கிறதே, மூத்தவன் நான் இருக்க இளையவன் போய்விட்டானே என்று அந்தப் பெரியப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். தம்பியைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை, சும்மா இருக்கத் தெரியாமல் நாற்காலிகளை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் தெருமுனை வரைதான். சவ வண்டி தெருமுனையைத் தாண்டியதும் அவர்கள் திரும்பி, வீட்டைக் கழுவிவிட வேண்டும்.

தெருமுனையில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் காலைக் கவனித்தேன். கசங்கிய வெள்ளைக் கவுனுக்குக் கீழே ஓட்டப் பயிற்சிக்குப் போடும் சப்பாத்து. எனக்கு ஏதோ உறைத்து அவள் பக்கம் நகர்வதற்குள் வண்டி வேகம் எடுத்தது, அவள் ஓட ஆரம்பித்துவிட்டாள்.

அழுதுகொண்டு பின்னால் ஓடுகிற ஓட்டம் இல்லை அது. அதையும் நான் பார்த்திருக்கிறேன். இது பந்தய ஓட்டம். தலை நிமிர்ந்து, கை இரண்டும் விலாவை ஒட்டி, மூச்சை அளந்து விட்டுக்கொண்டு ஓடினாள். தாமான் குடியிருப்பின் வாசலில் வண்டி பெரிய சாலைக்குத் திரும்பியது, அவளும் திரும்பினாள். அங்கே கொள்கலன் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். ஒரு லோரி ஹார்ன் அடித்து அலறிக்கொண்டு நின்றது. சவ வண்டிக்குள்ளிருந்து யாரோ தட்டி, அதுவும் நடுச்சாலையில் நின்றது. பெரியப்பா ஈர வேட்டியோடு இறங்கி வந்து, அவள் இடுப்பில் கையைக் கொடுத்து அப்படியே தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். புறப்பட்ட சவ வண்டி வழியில் நிற்கக் கூடாது. கிழவிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அவள் அப்போதும் அழவில்லை. என்னைப் பார்த்து, "முடிக்க விடல டீச்சர். கடைசி வரைக்கும் ஓடணும்ல" என்றாள். அந்த டீச்சர் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். திரும்பிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

சில நாள் கழித்து அவள் தன் அம்மாவின் கைப்பேசியிலிருந்து என்னை அழைத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "டீச்சர், விழாவுல நான் ஓடலாமா? அப்பாவுக்காக. கிரேக்கத்துல மாதிரி." விழா நாள் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் வந்தது. வீட்டில் கேட்டாயா என்றேன். "பெரியப்பா விட மாட்டாங்க. நீங்க வந்து கேளுங்க டீச்சர்." வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உடற்கல்வி ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு போனேன். கூடத்தில் படம், அதற்கு முன்னால் அணையாமல் ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வீட்டில் பேசுகிற தெம்பு பெரியப்பா ஒருவருக்குத்தான் மிச்சமிருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். தீட்டு வீடு இது. கோயில் படியக்கூட மிதிக்க மாட்டோம். இதுல பிள்ள சப்பாத்து போட்டுக்கிட்டு ஆட்டத்துல கலந்துக்கிச்சுன்னா ஊரு காறித் துப்பாதா?"

"சந்தோசத்துக்கு ஓடற ஓட்டம் இல்லண்ணே இது. செத்தவங்களுக்குச் செய்யற மரியாதை. அந்தக் காலத்துல அவங்க அப்படித்தான்…"

"அது வெள்ளக்காரன் மொற டீச்சர். செத்தது வெள்ளக்காரன் இல்ல. என் தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. உடற்கல்வி ஆசிரியர் என் முழங்கையை லேசாகத் தொட்டார், போதும் என்று. ஆனால் பெரியப்பா கோபமாகச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீர்த் தம்ளரைக் காட்டினார். "அவன் இன்னும் வீட்ட விட்டுப் போகல டீச்சர். பதினாறு வரைக்கும் இங்கதான் இருப்பான், எல்லாத்தையும் பாத்துக்கிட்டு. நடுரோட்டுல அவன் வண்டிய நிப்பாட்டிட்டோம். அந்தப் பாவத்துலயே எனக்குத் தூக்கம் வரல. இன்னொரு தப்பு நான் பண்ண மாட்டேன்." அதற்கு மேல் நான் அவரோடு வாதாடவில்லை. அந்த ஆளை வெறுக்கவும் முடியவில்லை.

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் பின்னாலேயே வந்தாள். "அப்பா இன்னும் இங்கதான் இருக்காங்களாம் டீச்சர். எல்லாத்தையும் பாப்பாங்களாம். பதினாறு வரைக்கும்." பிள்ளை தன்னைத் தேற்றிக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஆமாம்மா என்று தலையைத் தடவிவிட்டு காரில் ஏறினேன்.

திரும்பி வரும் வழியில் உடற்கல்வி ஆசிரியர்தான் சொன்னார், தீட்டுதானே பிரச்சினை, விழாவைப் பதினாறுக்கு அப்புறம் தள்ளி வைத்தால் என்ன என்று. எனக்கு உயிர் வந்தது. தலைமையாசிரியர் எளிதில் மசியவில்லை. அதிகாரியிடம் தேதி வாங்கியாகிவிட்டது, கூடாரம் சொல்லியாகிவிட்டது, ஒரு பிள்ளைக்காகப் பள்ளியையே மாற்ற முடியுமா லா என்றார். நான் என் குணத்தைக் காட்டினேன். கிரேக்கத்தை என் தலையில் கட்டும்போது என்னைக் கேட்டீர்களா என்று ஆரம்பித்து, ஆசிரியர் அறை முழுக்கக் கேட்கும்படி பேசிவிட்டேன். கடைசியில் அந்த அதிகாரியே தமக்கு வேறு கூட்டம் இருப்பதாகச் சொல்லி, எங்களுக்கு வழிவிட்டார். காரியத்துக்கு மறுவாரம் விழா என்று முடிவானது. பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பதினாறு முடிஞ்சா தாராளமா ஓடட்டும் டீச்சர். நானே கூட்டியாறேன். அதுகிட்ட நீங்களே சொல்லுங்க, உங்க வாயால கேட்டா சந்தோசப்படும்" என்றார். காரியத்தன்று நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திமிர் எனக்குள் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பதினாறாம் நாள் காலை நான் போனபோது படையல் போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அந்த மனிதருக்கு எதையெல்லாம் கூடாது என்று வைத்தார்களோ, அதெல்லாம் இலையில் இருந்தது. வாழைப்பழச் சீப்பு, இளநீர், ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கருவாடு, ஜாங்கிரி, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். அளந்து அளந்து வாயை நனைத்தவருக்குப் பெரிய சொம்பு நிறையத் தண்ணீர். இலையின் ஓரத்தில், பிரித்த டிஸ்யூவின் மேல், அந்த அத்திப்பழம் சுருங்கிப்போய் இருந்தது. அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. அவளும் தின்னவில்லை. இத்தனை நாள் இருந்த பயம் போனது, ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது.

பூசை செய்தவர் மந்திரம் சொல்லி முடித்தார். பேரைச் சொல்லி, வீட்டுக் கடமை முடிந்தது, போய் வா என்று வழியனுப்பினார். ஆண்கள் பூசைப் பொருள்களை எடுத்துக்கொண்டு கடலில் கரைக்கக் கிளம்பினார்கள். படத்தின் முன் இருந்த பழைய தம்ளர்த் தண்ணீரை அம்மா எடுத்துப்போய்ச் செடியில் ஊற்றினார். பெரியப்பா வேனில் ஏறுமுன் என்னைப் பார்த்து, சொல்லுங்கள் என்பது போலத் தலையசைத்தார்.

அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, பரிசைக் கொடுக்கிறவளைப் போல விஷயத்தைச் சொன்னேன். விழா நடக்கவில்லை, உனக்காகத்தான் தள்ளி வைத்தோம், அடுத்த வாரம், பெரியப்பாவும் சரி என்றுவிட்டார், அப்பாவுக்காக நீ ஓடலாம்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பதினாறுக்கு அப்புறமா டீச்சர்?"

"ஆமாம்மா. அதுக்குள்ள ஓட முடியாதே. தீட்டு."

"அப்பா இப்பதானே போனாங்க" என்றாள். ஏதோ நான் கவனிக்கத் தவறிவிட்டேன் என்பதுபோல, பொறுமையாகச் சொன்னாள். "காலைல வரைக்கும் இருந்தாங்க. இனிமே ஓடுனா அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

அன்று வாசலில் அவள் என்னிடம் சொன்னது இதைத்தான். தேற்றிக்கொண்டிருக்கவில்லை, கெடு சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கிற நாட்களில் அவளை ஓடவிடாதது அவளுடைய பெரியப்பா. அவர் பார்க்க முடியாத நாளைத் தேடிப் பிடித்து, சண்டை போட்டு வாங்கி வந்தது நான். பெரியப்பா நம்பியதைத்தான் பிள்ளையும் நம்பினாள், அவரைவிட ஒழுங்காக நம்பினாள். அப்பா மேலே இருந்து பார்ப்பார் என்று ஏதோ சொல்லப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். பெரியவர்கள் பேசும்போது கேட்டுக்கொள்கிற பிள்ளை அது.

விழா நடந்தது. பிள்ளைகள் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு கிரேக்கர்களாக நின்றார்கள். பார்லி தண்ணீர் கொடுத்தோம், அதிகாரி மகிழ்ந்து குடித்தார். செத்த வீரனுக்குப் பந்தயம் வைக்கும் கதையை ஒலிபெருக்கியில் வாசிப்பதாக இருந்தது. அந்தத் தாளை நான் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

ஓட்டத்துக்கு அவளும் வந்து கோட்டில் நின்றாள். வா என்றால் வருவாள், ஓடு என்றால் ஓடுவாள். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், பெரியப்பா வேனை வழக்கமான இடத்தில், வேலியோரம் நிறுத்தியிருந்தார். தம்பி பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது, சீட்டு காலி. அவள் கோட்டில் நின்றதும் அவர் இரண்டு விரலை வாயில் வைத்தார். சீழ்க்கை வரவில்லை. காற்றுதான் வந்தது. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி முயன்றார், மறுபடியும் காற்றுதான். உடற்கல்வி ஆசிரியர் வேறு வழியில்லாமல் விசிலை ஊதினார்.

அவள்தான் முதலில் வந்தாள். அதிகாரி வேப்பிலை வளையத்தைத் தலையில் வைத்து, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அவள் வேலிப் பக்கம் போகவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, வளையத்தைக் கழற்றிக் கொடுத்தாள்.

"முடிஞ்சிருச்சா டீச்சர்? வகுப்புக்குப் போலாமா?"

போகலாம் என்றேன். இரண்டடி போனவள் நின்று, என் பக்கம் திரும்பாமலேயே, "வேன் இனிமே அங்க நிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க டீச்சர்" என்றாள்.

சொல்லிவிடுவது என்றுதான் வேலிக்குப் போனேன். பெரியப்பா காலி சீட்டின் பக்கம் சாய்ந்து, கம்பி வழியாக என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"நல்லா ஓடுனா இல்ல டீச்சர்?"

"நல்லா ஓடுனாண்ணே" என்றேன். வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் அடுத்த பயிற்சி என்றைக்கு என்று கேட்டார்.